இரண்டு புள்ளிக்கு மட்டுமா உந்தம்?

 

கொஞ்சம் நீண்ட பதிவு. பாடசாலை செல்லும் பிள்ளைகள் உள்ள வீட்டார் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

கடந்த வாரம் பாடசாலை விடும் நேரம், விஞ்ஞானம் கற்பிக்கும் நாங்கள் இருவர் கேற் அருகில் நின்றுகொண்டிருந்தோம். தரம் 10 மாணவன் ஒருவனைக் கூட்டிப்போக அவனுடைய நானா பைக்கில் வந்தார். பின்னால் ஏற்கெனவே ஒரு தம்பி உட்கார்ந்திருந்தார். எமது மாணவன் மூன்றாவது ஆளாக ஏறினான். மூன்று பேருக்கும் இருந்தது ஒரு ஹெல்மட். அதுவும் நானாவின் முழங்கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

அன்று காலை முதலாம் பாடவேளையில் இதே மாணவன்தான் பலகைக்கு வந்து, "ஒரு பொருளின் திணிவினதும் வேகத்தினதும் பெருக்கம் அதன் உந்தம் ஆகும்" என்று ஒரு எழுத்துப் பிழையும் இல்லாமல் எழுதினான். கணக்கையும் சரியாகச் செய்தான். வகுப்பே கை தட்டியது.

"ஹெல்மட் எங்கே மகன்?" என்று கேட்டோம்.

"பக்கத்திலதானே சேர் வீடு. மெதுவாத்தான் போவோம்."

பைக் போய்விட்டது. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். காலையில் கை தட்டியது எதற்கு என்று அப்போது எமக்கே வெட்கமாக இருந்தது. பிள்ளை உந்தத்தைப் படித்துவிட்டான் என்று நாங்கள் நினைத்தோம். அவன் படித்தது உந்தத்தின் வரைவிலக்கணத்தை மட்டும்தான்.

இந்தப் பதிவில் நாங்கள் சொல்ல வருவது ஒன்றுதான். உந்தம் என்ற பாடம் வினாத்தாளில் இரண்டு மூன்று புள்ளிக்கு வருகிறது. எமது வீதியில் அது தினமும் வருகிறது. வினாத்தாளுக்கு மட்டும் அதைக் கற்பிப்பது நாங்கள் செய்யும் தவறு. அதைப் புள்ளியோடு மட்டும் விட்டுவிடுவது வீட்டார் செய்யும் தவறு.

முதலில், படித்து நாளானவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறோம். ஓடும் ஒரு பொருளை நிறுத்துவது எவ்வளவு கஷ்டம் என்பதை அளக்கும் அளவுதான் உந்தம். அது இரண்டு விடயங்களில் தங்கியிருக்கிறது. ஒன்று பொருளின் திணிவு, மற்றது அதன் வேகம். இரண்டையும் பெருக்கினால் உந்தம். திணிவைக் கிலோகிராமிலும் வேகத்தைச் செக்கனுக்கு எத்தனை மீற்றர் என்றும் எடுக்க வேண்டும். மணிக்கு 36 கிலோமீற்றர் என்பது செக்கனுக்கு 10 மீற்றர். மணிக்கு 54 என்பது செக்கனுக்கு 15. இந்த இரண்டையும் நினைவில் வைத்தால் மீதிக் கணக்கை மனத்தாலேயே போடலாம்.

இனி எமது ஏ9 வீதிக்கு வருவோம். தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்திலிருந்து மரக்கறி ஏற்றிய லொறிகள் நாலந்தை, பலாபத்வெல வழியாக மாத்தளை நகருக்குள் வருவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். சரக்கோடு சேர்த்து ஒரு லொறி 8,000 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். ஆட்களோடு சேர்த்து ஒரு த்ரீவீலர் 600 கிலோகிராம். த்ரீவீலர் மணிக்கு 36 கிலோமீற்றரில் ஓடினால் அதன் உந்தம் 600 × 10, அதாவது 6,000. லொறிக்கும் இதே 6,000 வருவதற்கு அது எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும்? 6,000ஐ 8,000ஆல் வகுத்தால் செக்கனுக்கு 0.75 மீற்றர். மணிக்கு 2.7 கிலோமீற்றர்.

நாம் பள்ளிக்கு நடந்து போகும் வேகம் மணிக்கு நாலைந்து கிலோமீற்றர் இருக்கும். ஆகவே நடப்பதைவிட மெதுவாக ஊர்ந்து வரும் லொறிக்கு, முழு ஓட்டத்தில் வரும் த்ரீவீலரின் உந்தம் இருக்கிறது. "லொறி மெதுவாத்தானே வருது" என்று அதன் முன்னால் குறுக்கே ஓடும் பிள்ளைக்கும், நெரிசலில் லொறியின் பக்கமாகச் சைக்கிளை நுழைக்கும் பிள்ளைக்கும் இந்தக் கணக்கை ஒருமுறையாவது செய்து காட்டியிருக்கிறோமா?

ரத்தோட்டைப் பக்கமிருந்தும் எல்கடுவைப் பக்கமிருந்தும் இறங்கி வருபவர்களுக்கு இன்னொன்று தெரியும். இறக்கத்தில் வாகனத்தின் உந்தம் தானாகவே கூடிக்கொண்டு வரும். அதைப் பிரேக்கை மட்டும் நம்பிக் குறைத்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடேறிப் பிடிமானம் குறையும். அனுபவமுள்ள சாரதிகள் மேலேயே சின்னக் கியருக்கு மாற்றிக்கொண்டு இறங்குவது இதனால்தான். அவர்களில் பலர் உந்தம் என்ற சொல்லைப் பாடசாலையில் படித்திருக்க மாட்டார்கள். ஆனால் உந்தம் தெரிந்தவர்கள்.

இப்போது அந்த மாணவன் சொன்ன இரண்டு சொற்களையும் எடுப்போம்.

"பக்கத்திலதானே." உந்தத்தின் சமன்பாட்டில் திணிவு இருக்கிறது, வேகம் இருக்கிறது. வீடு எவ்வளவு தூரம் என்பது அதில் இல்லை. நூறு மீற்றர் போனாலும் கண்டி வரை போனாலும் விழும் நேரத்தில் கணக்கு ஒன்றுதான்.

"மெதுவாத்தான்." இது கொஞ்சம் நியாயமான பதில் போலத் தெரியும். அதனால் இதைக் கணக்குப் போட்டே பார்ப்போம். பைக் ஓடவே இல்லை, நின்ற இடத்திலேயே சரிந்து விழுகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் இருக்கும் பிள்ளையின் தலை நிலத்திலிருந்து 1.25 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்திலிருந்து விழும் பொருள் நிலத்தைத் தொடும்போது அதன் வேகம் செக்கனுக்கு 5 மீற்றர், அதாவது மணிக்கு 18 கிலோமீற்றர். தலையின் திணிவு ஏறத்தாழ 4 கிலோகிராம். உந்தம் 4 × 5 = 20.

இந்த 20ம் பூச்சியமாக வேண்டும். எவ்வளவு நேரத்தில் பூச்சியமாகிறது என்பதுதான் உயிர் தங்கும் இடம். நியூட்டனின் இரண்டாம் விதி இதைத்தான் சொல்கிறது. உந்த மாற்றத்தை அதற்கு எடுத்த நேரத்தால் வகுத்தால் விசை. தார் வீதியில் வெறும் தலை மோதினால் அது நிற்க 0.002 செக்கன் எடுக்கிறது என்று கொள்வோம். விசை 20ஐ 0.002ஆல் வகுத்தால் 10,000 நியூட்டன். ஒரு தொன் பாரம் தலையில் ஏறுவதற்குச் சமம். ஹெல்மட்டின் உள்ளே இருக்கும் அந்த வெள்ளை நுரை நசுங்கி அதே தலையை 0.01 செக்கனில் நிறுத்தினால் விசை 2,000 நியூட்டன். ஐந்தில் ஒன்று. ஹெல்மட் உந்தத்தைக் குறைப்பதில்லை. நிற்கும் நேரத்தை நீட்டுகிறது. அதன் வேலை அவ்வளவுதான், ஆனால் அந்த வேலையை முழங்கையில் தொங்கும் ஹெல்மட் செய்யாது.

நேரங்களை நாங்கள் உதாரணத்துக்கு எடுத்தோம். விழும் விதத்தைப் பொறுத்து அவை மாறும். கணக்கின் போக்கு மாறாது.

உம்மாமாருக்கு ஒரு கணக்கு. வாகனத்தின் முன் இருக்கையில் 10 கிலோகிராம் பிள்ளையை மடியில் வைத்திருக்கிறீர்கள். "நான் இறுக்கிப் பிடிச்சிருக்கிறேன்" என்கிறீர்கள். மணிக்கு 36 கிலோமீற்றரில் பிள்ளையின் உந்தம் 10 × 10 = 100. மோதும்போது வாகனம் 0.1 செக்கனில் நிற்கிறது. பிள்ளையைப் பிடித்து நிறுத்த உங்கள் கை கொடுக்க வேண்டிய விசை 100ஐ 0.1ஆல் வகுத்து 1,000 நியூட்டன். 50 கிலோ அரிசி மூடை இரண்டைத் திடீரெனத் தூக்கிப் பிடிக்க எந்த உம்மாவால் முடியும்? மணிக்கு 54 என்றால் மூன்று மூடை. பாசம் குறைவென்று நாங்கள் சொல்லவில்லை. கையின் பலத்துக்கு எல்லை உண்டு என்றுதான் சொல்கிறோம்.

எமது நாட்டில் ஆண்டுதோறும் வீதி விபத்துகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். அவர்களில் பெரும் பகுதியினர் மோட்டார் சைக்கிளில் போனவர்களும் நடந்து போனவர்களும். ஜனாஸாவுக்குப் போய் "அல்லாஹ்வின் நாட்டம்" என்று ஆறுதல் சொல்லி வருகிறோம். அது எமது ஈமான், அதில் மாற்றமில்லை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்ட வேண்டும் என்பதும் நாம் சிறு வயதில் ஓதிப் படித்ததுதான்.

வீதி மட்டுமல்ல, தண்ணீரும் உண்டு. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலை எமது மாவட்டம் இலகுவில் மறக்காது. நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அந்த நாட்களில் முழங்கால் அளவு தண்ணீர்தானே என்று இறங்கியவர்களை நாம் எல்லோரும் பார்த்தோம். ஒரு கன மீற்றர் தண்ணீர் 1,000 கிலோகிராம். அது செக்கனுக்கு 3 மீற்றர் வேகத்தில் ஓடினால் உந்தம் 3,000. ஆளோடு சேர்த்து 200 கிலோகிராம் பைக் மணிக்கு 54 கிலோமீற்றரில் வந்தாலும் அதே 3,000தான். பைக் ஒருமுறை மோதும். ஓடும் தண்ணீரோ ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். உக்குவளையில் இருப்பவர்களுக்கு இதற்கு ஒரு நல்ல உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. பொல்கொல்லையில் மறித்த மகாவலித் தண்ணீர் சுமார் 8 கிலோமீற்றர் சுரங்கத்தின் வழியாக வந்து 1976 முதல் உக்குவளை மின் நிலையத்தின் சுழலிகளைச் சுற்றுகிறது. தண்ணீரின் உந்தத்தை மாற்றும்போது கிடைக்கும் விசைதான் அந்தப் பெரிய இரும்பைச் சுற்றுகிறது. பிறகு அந்தத் தண்ணீர் சுது கங்கையில் போய்ச் சேருகிறது. அதே கங்கையில்தான் எமது பிள்ளைகள் குளிக்கிறார்கள்.

இனி எங்கள் பக்கத்துக் குறைகளையும் சொல்ல வேண்டும். விடைத்தாள் திருத்தும்போது உந்தக் கணக்கில் திரும்பத் திரும்ப மூன்று பிழைகளைக் காண்கிறோம்.

முதலாவது அலகு. பந்தின் திணிவு 160 கிராம் என்று வந்தால் 160ஐ அப்படியே பெருக்கிவிடுகிறார்கள். அது 0.16 கிலோகிராம். வேகம் மணிக்குக் கிலோமீற்றரில் வந்தாலும் அதேதான். விடை ஆயிரம் மடங்கு பிழைத்தாலும் பிள்ளைக்குச் சந்தேகம் வருவதில்லை. கிரிக்கட் பந்துக்கு லொறியின் உந்தம் வந்தால் "இது எப்படி?" என்று கேட்கும் பழக்கத்தை நாங்கள் கொடுக்கவில்லை.

இரண்டாவது திசை. அதே 0.16 கிலோகிராம் பந்து செக்கனுக்கு 20 மீற்றரில் வருகிறது. துடுப்பில் பட்டு 30 மீற்றரில் வந்த வழியே திரும்பிப் போகிறது. உந்த மாற்றம் என்ன? பலர் 30இலிருந்து 20ஐக் கழித்து 0.16 × 10 = 1.6 என்கிறார்கள். சரியான விடை 0.16 × 50 = 8. பந்தை முதலில் நிறுத்த வேண்டும், அதற்குப் பிறகு எதிர்ப்பக்கம் அனுப்ப வேண்டும். இரண்டு வேலை. வார இறுதியில் மைதானத்தில் துடுப்புப் பிடிக்கும் பிள்ளையின் மணிக்கட்டுக்கு இது தெரியும். அந்த மணிக்கட்டில் இருக்கும் அறிவைப் பேனாவுக்குக் கொண்டுவருவது ஆசிரியரின் வேலை.

மூன்றாவது பிழைக்குப் பிள்ளையைக் குற்றம் சொல்ல முடியாது. இன்று பலர் இரவில் யூடியூப்பில் தமிழ்நாட்டு ஆசிரியர்களின் பாடங்களைப் பார்க்கிறார்கள். நல்ல பாடங்கள், பார்க்கட்டும். ஆனால் கலைச்சொற்கள் வேறு. அவர்கள் நிறை என்பது எமது பாடப்புத்தகத்தில் திணிவு. அவர்கள் எடை என்பது எமது நிறை. அவர்கள் வேகம் என்பது எமது கதி, திசைவேகம் என்பதுதான் எமது வேகம். முடுக்கம் என்பது ஆர்முடுகல். நல்லவேளை, உந்தம் இரண்டு கரையிலும் உந்தம்தான். "உந்தம் என்பது நிறையினதும் திசைவேகத்தினதும் பெருக்கம்" என்று அங்கே கேட்ட பிள்ளை இங்கே பரீட்சையில் என்ன செய்யும்? 50 கிலோகிராம் சிறுவன் செக்கனுக்கு 2 மீற்றரில் ஓடினால் உந்தம் 100. எமது நிறையை எடுத்தால் 500 நியூட்டன், விடை 1,000. பத்து மடங்கு பிழை. பிள்ளைக்குப் பாடம் விளங்கியும் புள்ளி போய்விடுகிறது. வீட்டில் மூத்த பிள்ளைகள் இருந்தால் இந்த ஐந்து சொல்லையும் ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிக் கொடுங்கள். பெரிய உதவி.

இந்த மூன்றுக்கும் கீழே இன்னொரு விளங்காமை இருக்கிறது. தள்ளிக்கொண்டிருந்தால்தான் பொருள் ஓடும், தள்ளாவிட்டால் தானாக நின்றுவிடும் என்று எமது மனம் நினைக்கிறது. பழைய கிரேக்கர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். ஏறத்தாழ ஆயிரம் வருடங்களுக்கு முன் இப்னு ஸீனா இதற்கு வேறு பதில் சொன்னார். எறிபவர் எறியும் பொருளுக்கு "மைல்" என்ற ஒன்றைக் கொடுக்கிறார், வெளியிலிருந்து ஏதாவது தடுக்கும் வரை அது பொருளிலேயே இருக்கும் என்றார். அவருக்கு முன்னரே அலெக்சாந்திரியாவில் யோவான் பிலோபோனஸ் இந்தத் திசையில் யோசித்திருந்தார். நாம் இன்று கணக்குப் போடும் உந்தத்தை இப்னு ஸீனா கண்டுபிடித்தார் என்று சிலர் பகிர்வதைப் பார்க்கிறோம். அது சரியல்ல. திணிவையும் வேகத்தையும் பெருக்கி "இயக்கத்தின் அளவு" என்று 1687இல் தன் நூலில் வரையறுத்தவர் நியூட்டன். இப்னு ஸீனாவின் பெருமை, எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு விளக்கத்தைக் கேள்வி கேட்டதில் இருக்கிறது. எமது பிள்ளைகளுக்கு அவரிடமிருந்து கிடைக்க வேண்டியதும் அந்தப் பழக்கம்தான்.

"சேர், பாடத்திட்டம் முடிக்கவே நேரமில்லை, இதில் வீதிக்கும் ஆற்றுக்கும் எங்கே போவது?" என்று சக ஆசிரியர்கள் கேட்பது எமக்குக் கேட்கிறது. நியாயமான கேள்வி. நாங்களும் அதைச் சொல்லித்தான் பல வருடங்கள் ஓட்டினோம். ஆனால் ஒரு பாடவேளை போதும். மைதானத்தில் 20 மீற்றர் அளந்து இரண்டு கோடு போடுங்கள். பிள்ளைகள் ஓடட்டும், ஒருவர் போனில் நேரம் எடுக்கட்டும். 40 கிலோகிராம் பிள்ளை 5 செக்கனில் ஓடினால் வேகம் 4, உந்தம் 160. தன் சொந்த உந்தத்தைக் கணித்த பிள்ளை அலகை மறப்பதில்லை. இரண்டு அடிமட்டங்களுக்கு நடுவே ஐந்து கண்ணாடிக் குண்டுகளை அடுக்கி ஒன்றால் அடித்தால் மறுமுனையில் ஒன்று போகும், இரண்டால் அடித்தால் இரண்டு போகும். உந்தக் காப்பை உயர்தரத்தில் படிக்கும்போது அந்தக் குண்டுகள் நினைவுக்கு வரும். ஆய்வுகூடம் இல்லாத பாடசாலையிலும் இவை முடியும். இப்படிப் படித்த வகுப்பு கடந்தகால வினாத்தாளிலும் பின்தங்கவில்லை என்பது எமது அனுபவம்.

ஊருக்கு எமது வேண்டுகோள் மூன்று.

1. பெற்றோரே, பிள்ளைக்கு அளவான ஹெல்மட் ஒன்று வாங்குங்கள். பெரியவரின் ஹெல்மட் சின்னத் தலையில் சுழலும், விழும்போது கழன்று போகும். வார் பூட்டாத ஹெல்மட்டும் அப்படித்தான். ஒரு மாத டியூஷன் காசு போனாலும் பரவாயில்லை.

2. பள்ளிவாசல் நிர்வாகமும் பழைய மாணவர்களும் விளையாட்டுப் போட்டிக்குக் கிண்ணம் கொடுக்கிறீர்கள், அல்ஹம்துலில்லாஹ். அதோடு வசதியில்லாத பிள்ளைகளுக்கு ஹெல்மட் கொடுப்பதையும் யோசியுங்கள். ஜும்ஆவுக்குப் பிறகு ஒரு நிமிட அறிவித்தலும் போதும்.

3. பெரியவர்களே, இது எம்மையும் சேர்த்துத்தான். தொழுகைக்குப் போகும்போது தொப்பியோடு ஹெல்மட் இல்லாமல் நாங்களும் போயிருக்கிறோம். "பள்ளி பக்கத்திலதானே" என்று நாங்களும் சொல்லியிருக்கிறோம். அந்த மாணவன் அந்தச் சொல்லை எங்கிருந்து படித்தான் என்று எமக்குத் தெரியும். இந்த வாரத்திலிருந்து நாங்கள் நிறுத்திவிட்டோம். தொப்பி பொக்கட்டில் போகும்.

திங்கட்கிழமை அந்த மாணவனை வகுப்பில் திட்டவில்லை. பலகையில் ஒரு கணக்கு எழுதினோம். மூன்று பேர், பைக்கோடு சேர்த்து 270 கிலோகிராம், மணிக்கு 36 கிலோமீற்றர், உந்தம் என்ன? 2,700 என்று முதலில் சொன்னவன் அவன்தான். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "சேர், ரெண்டு பேர் போனா எவ்வளவு?" என்று கேட்டான்.

அந்தக் கேள்விக்கு வினாத்தாளில் புள்ளி இல்லை. எமக்கு அது போதும்.

இன்று இரவு உங்கள் வீட்டில் தரம் 10, 11 பிள்ளை இருந்தால், எமது வீட்டு பைக்கின் உந்தம் என்ன என்று கேட்டுப் பாருங்கள். விடையைக் கீழே எழுதுங்கள், பிழை இருந்தால் திருத்தித் தருகிறோம். எமது கணக்கில் பிழை கண்டாலும் சொல்லுங்கள்.

அல்லாஹ் எமது பிள்ளைகளைப் பாதுகாப்பானாக.